அண்டாவின் நடுவே எழுந்த பச்சைக் குன்று

சிற்றளவில் பீர் காய்ச்சுவோர் சங்கத்தின் தலைமையை அணிசெய்யும் பெருந்தகை அவர்களே! தலை நரைத்தும் ஆர்வம் நரைக்காத மூத்தோரே! அடுப்பின் அனலையும் கணவரின் அவசரத்தையும் ஒருசேரத் தாங்கும் தாய்மார்களே! முன்வரிசையில் முகத்தை மறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் என் மச்சான் அவர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

நான் பீர் காய்ச்சுபவன் அல்லன்; பாத்திரம் பற்றவைப்பவன். அனலுக்கும் அசராத நான், ஓர் அண்டாவைக் கண்டு அசந்துபோனேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் அக்காவும் மச்சானும் வீட்டுப் பின்னறையில் பீர் காய்ச்சுகிறார்கள். முளைவிட்ட பார்லியிலிருந்து இறக்கிய இனிப்புச் சாறு. அது கொதிக்கும்போது, மணத்துக்கும் கசப்புக்கும் ஹாப்ஸ் பூவை இடித்துச் செய்த வில்லைகள். அந்தப் பூ சும்மா கிடக்குமா? ஊறும்! உப்பும்! சாற்றைக் குடித்துச் சேறாய்ப் படியும்! ஒவ்வொரு முறையும் ஒரு வாளிச் சாறு சக்கையோடு சாக்கடைக்குப் போனது. துணியில் கட்டிப் பிழிந்தார்கள், கை வெந்தது. வலை வைத்தார்கள், வலையே அடைத்துக்கொண்டது.

மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது. "இனிமே பூவைப் பாதியாக் குறைச்சிடு. கொட்டுறதுக்கா காய்ச்சுறோம்?" என்றார்.

அக்கா துடுப்பைக் கீழே வைத்தாள். "பூவைக் குறைச்சா அது என் பீர் இல்ல. நீங்களே காய்ச்சிக்குங்க. நான் இந்த அறைக்குள்ளயே வரமாட்டேன்."

சாறு போனால் இன்னொரு முறை இறக்கலாம். அக்கா போய்விட்டால் யாரைக் கொண்டு ஈடுகட்டுவது?

அன்று அக்கா கோபத்தோடு அண்டாவைக் கழுவினாள். தண்ணீரை ஊற்றித் துடுப்பால் சுற்றிவிட்டாள். ஒட்டியிருந்த பச்சைத் துகள்கள் ஓரத்துக்கு ஓடவில்லை. நடுவுக்கு வந்து கூடின!

ஐயா, சுற்றுகிற பொருள் வெளியேதானே வீசப்படும்? ஈரக் குடையைச் சுழற்றினால் பக்கத்தில் நிற்பவர் சட்டைதானே நனையும்? இங்கே மட்டும் ஏன் உள்ளே வருகிறது? அடித்தட்டில் உரசும் நீர் வேகம் இழக்கிறது. வேகம் இழந்த நீர் நடுவை நோக்கி நழுவுகிறது. நழுவும்போது சக்கையையும் கூட்டிச் செல்கிறது. காரணம் தெரிந்த பிறகும் என் வியப்பு குறையவில்லை!

அக்கா என்னை அழைத்தாள். "தம்பி, அடியில நடுவுல இருக்கிற குழாயை அடைச்சிட்டு, ஓரத்துல ஒண்ணு வச்சுக் குடு."

"நடுவுல இருந்தாத்தானே கடைசிச் சொட்டு வரைக்கும் வரும்?" என்று மச்சான் சிரித்தார். நான் அக்கா சொன்னபடியே பற்றவைத்துக் கொடுத்தேன்.

அடுத்த முறை, அடுப்பை அணைத்ததும் அக்கா சாற்றை ஒரே திசையில் சுழற்றி மூடினாள். "கால் மணி நேரம் யாரும் தொடக்கூடாது!" தொடாதே என்றால்தான் மச்சானுக்குக் கை அரிக்குமே! அக்கா அந்தப் பக்கம் திரும்பியதும் மூடியைத் திறந்தார். "படிஞ்சிருச்சான்னு பாக்குறேன்" என்று கரண்டியை விட்டுக் கிண்டினார். ஆம், தாய்மார்களே! படிந்ததா என்று பார்க்கக் கிண்டினார்! சிரியுங்கள், சிரியுங்கள், இதோ, அவரும் சிரிக்கிறார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

அக்கா திட்டவில்லை. மறுபடியும் சுழற்றினாள். மச்சானைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவருடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டாள். "இப்பக் கிண்டுங்க, பாப்போம்." முகம் கொடுத்துப் பேசாதிருந்த இருவர், மூடிய அண்டாவின் முன்னால் அசையாமல் அமர்ந்திருந்தார்கள்.

நேரம் வந்தது. ஓரக் குழாயைக் கொஞ்சமே கொஞ்சம் திறந்தாள். தெளிந்த சாறு, பொன்னிறச் சாறு, துகளில்லாச் சாறு! மட்டம் இறங்க இறங்க, நடுவிலே ஒரு பச்சை நுனி தெரிந்தது. நுனி சரிவானது. சரிவு குன்றானது! யார் குவித்தது அதை? எந்தக் கை கட்டியது அதை? சுற்றிலும் சாறு வடிய வடிய, சரியாமல் நின்றது அந்தக் குன்று! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குன்று குடித்தது போக, மற்றதெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது.

மச்சான் எழுந்துபோய் ஹாப்ஸ் பையைத் தூக்கிவந்து அக்காவின் முன்னே வைத்தார்.

"அடுத்த தடவை இன்னும் ரெண்டு பிடி கூடப் போடலாமா?"

அக்கா அப்போதுதான் அழுதாள்.

கண்டதைச் சொல்ல மேடை தந்த சங்கத்துக்கும், காது தந்த உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் அடுப்படிகள் செழிக்கட்டும். வணக்கம்!