பிரஷர் பார்க்கும் நாள்

மலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு மிளகுத் தோட்டக்காரர் இருந்தார். பக்கத்தில் ஒரு கட்டடச் சென்ட்ரிங் வேலைக்காரர்.

“டாக்டரு பிரஷர் பாக்கற அன்னிக்கு மட்டும் நான் மாத்திரை போடறதில்லீங்க” என்றார் தோட்டக்காரர்.

“ஏனுங்க அப்படி?”

“அளவு நல்லா இருந்தா, குணமாயிருச்சுன்னு சும்மா குடுக்கற மாத்திரைய நிறுத்திப்புட்டாங்கன்னா? வெளிய வாங்க நமக்குக் கட்டுமா?”

“அப்ப எப்பப் பாத்தாலும் ஏறித்தானே இருக்கும்.”

“ஆமாங்க. மாத்திரையக் கூட்டிக் கூட்டிக் குடுத்தாங்க. இப்பத் தலை சுத்துது. டவுன் ஆஸ்பத்திரியில தலையப் படம் புடிச்சுப் பாக்கோணுமாம், அதுக்குத்தான் போறேன்.”

“இப்படி இருந்தா நாட்டுல வைத்தியச் செலவு எங்க குறையும்? ஆஸ்பத்திரிக் கட்டடம் அப்பறம் கட்டட்டும். அளவு நல்லா இருந்தாலும் மாத்திரைய நிறுத்த மாட்டோம்னு ஊடு ஊடா வந்து சொல்ல மொதல்ல ஆளைப் போடச் சொல்லுங்க.”

“கட்டடம் கட்டாட்டி உங்களுக்கு வேலை ஏதுங்க?”

சென்ட்ரிங்காரர் சிரித்தார். “அது கெடக்கட்டும். இன்னிக்குப் போட்டீங்களா?”

“அங்கயும் அளவு பாப்பாங்களே.”

“மொதல்ல இத்தன நாளா செஞ்சதச் சொல்லிப்போடுங்க.”

“திட்டுவாங்க.”

“படம் புடிக்கத்தான் செலவு. திட்டு வாங்கறதுக்கு என்னங்க செலவு?”

வளைவுகள் முடிந்து காரவள்ளி வந்ததும் தோட்டக்காரர், “பெரிய டாக்டருகிட்டச் சொல்லோணுமா, நர்சம்மாகிட்டச் சொன்னாப் போதுங்களா?” என்று கேட்டார்.