பக்கிரி சரிபார்த்த தாள்கள்

பகல் பன்னிரண்டரை மணி. அனுமந்தையைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளத்துக்குள் இறங்கும் மண்பாதை. ஓர் ஆள் இல்லை... ஒரு மரம் இல்லை.

என்ன சிரிப்பு? பேய் நைட் ஷிஃப்டில் மட்டும்தான் வேலை பார்க்கும் என்று யார் சொன்னது? கரண்ட் வரும்வரை இதைக் கேளுங்கள். மெழுகுவத்தியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துங்கள். இது என் நண்பன் ஹபீப் முஹம்மதுவின் மச்சானுக்கு நடந்தது. பெயர் அஸ்லம், ஊர் கூனிமேடு. 2005, மே மாதம்.

அஸ்லம் ஒரு மெஷின் பட்டறையில் கம்ப்யூட்டரில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தான். முழு மெஷின் முதல் தாளில் இருக்கும். அதன் பாகங்கள் ஒவ்வொன்றும் தனித்தனித் தாளில். எல்லாத் தாளின் மூலையிலும் ஒரு கட்டம்: வரைந்தவர் பெயர், சரிபார்த்தவர் பெயர், மொத்தத்தில் இது எத்தனையாவது தாள். சரிபார்க்கிறவர் பக்கிரி. சரியான சிடுமூஞ்சி, வாயில் எப்போதும் பீடி... ஆனால் அவர் கண்ணுக்கு ஒரு தப்பும் தப்பாது. சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு அளவுக்கும் டிக் போடுவார். ஒரு தாள் முடிந்ததும் பென்சிலின் அடியால் இரண்டு தட்டு. டக்... டக். பிறகுதான் அடுத்த தாள்.

பிப்ரவரியில் பக்கிரி மாரடைப்பில் செத்துப்போனார். முதலாளி வேறு ஆள் வைக்கவில்லை. புது வேலை வந்தால் பழைய ஃபைலைக் காப்பி எடுத்து, தேதியை மாற்றி, அதன் மேலேயே வரைவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். அதனால் பக்கிரியின் பெயரும் தாளுக்குத் தாள் வந்துகொண்டே இருந்தது. அஸ்லம் ஒருதரம் கேட்டே விட்டான்.

"கட்டத்த காலியா உட்டா மெஷின் வாங்கற பார்ட்டி கேள்வி கேப்பான். இருந்துட்டுப் போகட்டும்" என்றார் முதலாளி.

ஆக, மூன்று மாதமாகச் செத்த மனுஷன் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பேயைவிட இதுதான் எனக்கு அசிங்கமாகப் படுகிறது.

இப்போது வந்திருந்த வேலை, உப்பு கழுவும் மெஷின். நீளமான தொட்டி, உள்ளே சுற்றும் இரும்புத் திருகு, மேலே மூடி. ஏழு தாள். மெஷினை உப்பளத்தில் இறக்கியாயிற்று. காலையில் ஃபிட்டர் கன்னியப்பன் போன் செய்தார், மூடி உட்கார மாட்டேன் என்கிறது, டிராயிங்கை எடுத்துக்கொண்டு வா என்று. அஸ்லம் ஏழு தாளையும் புதிதாகப் பிரிண்ட் எடுத்தான். எண்ணினான். சுருட்டிப் பிளாஸ்டிக் குழாயில் போட்டு மூடி, முதுகில் மாட்டிக்கொண்டு மொபெட்டில் கிளம்பினான்.

அப்படித்தான் அந்தப் பாதைக்கு வந்தான். இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி. கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. வரப்பு குறுகிய இடத்தில் வண்டியை அணைத்துவிட்டு இறங்கித் தள்ளினான். காற்று கூட இல்லை.

கரக்... கரக்...

காகிதத்தில் பென்சில் கீறும் சத்தம். நின்றான். சத்தமும் நின்றது. நடந்தான். கரக்... கரக். பக்கத்தில் யாரோ பீடி பிடிக்கிற நாற்றம். சுற்றிப் பார்த்தால் கண்ணுக்கெட்டியவரை யாருமில்லை.

அப்புறம் வந்தது... டக்... டக்.

குழாய்க்கு உள்ளே இருந்து. அந்தத் தட்டு அவன் முதுகெலும்பில் பட்டது. திரும்பிப் போகவும் தைரியமில்லை, நிற்கவும் தைரியமில்லை. கொட்டகை வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடினான். தட்டுகளை எண்ணாமல் இருக்க அவனால் முடியவில்லை. டக் டக் என்று இரண்டிரண்டாக, எட்டு முறை.

கொட்டகையில் கன்னியப்பன் மோட்டாருக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்தபடியே அஸ்லம் தாள்களை விரித்தான். எல்லா அளவிலும் சிவப்பு டிக். ஐந்தாவது தாளில், மூடியின் அகலத்தைச் சுற்றி மட்டும் ஒரு சிவப்பு வட்டம். பார்த்ததுமே புரிந்துவிட்டது. பார்ட்டி கேட்டார் என்று போன மாதம் தொட்டியை இருபது மில்லி அகலமாக்கியிருந்தான். மூடியின் தாளை மாற்ற மறந்துவிட்டான்.

ஏழாவது தாளுக்குக் கீழே இன்னொரு தாள் இருந்தது.

அதில் ஒரு வலது கை. மனுஷக் கை. விரல் நீளம், உள்ளங்கை அகலம், எல்லாம் மில்லிமீட்டரில். மணிக்கட்டில் வெட்டுக்கோடு. எண்ணிக்கை: ஒன்று. வரைந்தவர்: அஸ்லம். சரிபார்த்தவர்: பக்கிரி. அவசர அவசரமாக மடித்து பேண்ட் பாக்கெட்டில் திணித்தான்.

"ஏம்பா, தப்பு டிராயிங்லயா, மூடியிலயா?" என்று கன்னியப்பன் திரும்பாமலே கேட்டார்.

உண்மையைச் சொன்னால் அன்றைக்கே வேலை போகும். நிக்காஹுக்கு இருபது நாள்தான் இருந்தது.

"டிராயிங் கரெக்டுதாண்ணா. மூடியத்தான் தப்பா வெட்டிட்டானுங்க."

"அப்ப மூடியில்லாமலே ஒருவாட்டி ஓட்டிப் பாத்துடலாம். மொதலாளி வேற போன் மேல போன் போடறாரு."

வேண்டாம் என்று சொல்ல அஸ்லம் வாயைத் திறந்தான். சொல்லவில்லை. பாக்கெட்டில் அந்தத் தாள் தொடையில் உறுத்திக்கொண்டிருந்தது... அப்போதும் சொல்லவில்லை.

மோட்டார் ஓடியது. உப்பு நறநறவென்று அரைபட்டது. ஒரு கட்டி திருகில் சிக்கி நின்றது. கன்னியப்பன் பழக்கதோஷத்தில் வலது கையை உள்ளே விட்டார். ஒரு நொடி... அந்தச் சத்தம் மாறியது. மறுபடி நறநறவென்று ஓட ஆரம்பித்தது.

உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கையை முடியவில்லை. மணிக்கட்டோடு போயிற்று.

அஸ்லம் அழுதுகொண்டேதான் ஹபீபிடம் இதைச் சொன்னான். அன்று சாயங்காலம் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் கன்னியப்பன் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ கூட இருந்ததாலதான் தம்பி பொழச்சாரு" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்துபோய் பாத்ரூம் கதவைத் தாழிட்டான். கிழித்துப் போட்டுவிடலாம் என்று தாளை எடுத்துப் பிரித்தான். கொட்டகையில் அவன் அவசரத்தில் மூலையில் இருந்த தாள் எண்ணைப் பார்க்கவில்லை.

மற்ற தாள்களில் மொத்தம் ஏழு என்றிருந்தது. இதில்...

தாள்: 8. மொத்தம்: 9.