மயிலின் பீலியும் மலையின் பீலியும்

மடுல்சீமை மலையின் மடியிலே, மாலை மஞ்சு மெல்ல இறங்கி மேடையைத் தொட்டுப் பார்க்கும் இந்த வேளையிலே, அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஆலயத் தலைவர், அன்புப் பெரியவர் சிவஞானம் ஐயா அவர்களே! தலைவருக்கே தலைவியாய் முன்வரிசையில் வீற்றிருக்கும் பூவம்மா அம்மையாரே! தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் அவர்களின் அருமை மகள், ஆசிரியை கம்சலா அவர்களே! கொழுந்து கிள்ளிய கை காயுமுன்னே கூட்டத்துக்கு ஓடிவந்த தாய்மார்களே! இடம் கிடைத்தும் உட்கார மாட்டோம் என்று பின்னால் நிற்கும் தம்பிமாரே! லயத்து வரிசை வீடுகளின் வாசலில் இருந்தபடியே ஒலிபெருக்கிக்குக் காது கொடுத்திருக்கும் பெரியோர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்; என் வழக்கப்படி ஒரு ஸலாமும்.

நான் இத்ரூஸ். பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவன். கம்பளிப் போர்வைக்குப் பெயர்போன கடை. உங்களில் எத்தனை பேருக்குக் கல்யாணச் சீரில் என் கடைப் போர்வை வந்திருக்கும்! இன்று அந்தப் போர்வை இருந்த தட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? கொசுவலை! மலையிலே கொசுவலை! யார் நினைத்தோம்? யார் கேட்டோம்? நாம் தூங்கி எழுவதற்குள் உலகம் உடை மாற்றிக்கொள்கிறது ஐயா.

சென்ற வாரம் தலைவர் ஐயா தொலைபேசியில் அழைத்தார். குரலிலேயே குதூகலம். "மொதலாளி, சங்கதி தெரியுமா? நம்ம தோட்டத்துக்கு மயில் வந்துருக்கு! பீலி முருகனுக்குக் கோயில் கட்டப் போறோம். ஞாயித்துக்கெழம காலையில கல்லு வெக்கிறோம். மொத நாள் சாயந்தரம் நீங்க வந்து பேசணும்."

பீலி முருகன்! அடடா, என்ன பெயர்! ஏட்டுத் தமிழில் பீலி என்றால் என்ன? மயிலின் இறகு! எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். பீலியின் நீலம், பீலியின் பச்சை, பீலியின் பொன், பீலிக்குள் பூத்திருக்கும் கண் என்று எழுதி எழுதித் தாளெல்லாம் தோகையாக்கினேன். அந்தத் தாள்கள் இதோ, என் சட்டைப் பைக்குள் இருக்கின்றன.

அவற்றோடு இன்று மத்தியானம் பேருந்தில் ஏறினேன். பசறை தாண்டியதும் பனி வந்தது. பனி வந்தால் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் கனவு வரும். கனவில் நான் கடையில் இருக்கிறேன். படியேறி ஒரு மயில் வருகிறது. தோகையை மெல்ல மடித்துக்கொண்டு, வாடிக்கையாளர் போலவே கல்லாவுக்கு முன்னால் நிற்கிறது. "முதலாளி, மலைக்குப் போகிறேன். அங்கே குளிருமாமே, ஒரு கம்பளி கொடுங்கள்" என்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? வியாபாரி ஒருநாளும் சொல்லக்கூடாததைச் சொன்னேன். "கம்பளி வேண்டாம் மயிலே, இப்போது அங்கே அவ்வளவு குளிர் இல்லை" என்றேன். மயில் தலையாட்டிவிட்டுப் போயிற்று. விழித்துப் பார்த்தால் பேருந்து மடுல்சீமையில் நிற்கிறது, என் நெஞ்சில் காரணம் தெரியாத ஒரு பயம்.

வந்து இறங்கியவனைப் பூவம்மா அம்மையார் வரவேற்றார். "வாங்க மொதலாளி, டீத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். "தேநீர் இருக்கட்டும் தாயே, முதலில் பீலியைக் காட்டுங்கள்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதப் பாக்கணும்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்" என்று சொல்லி, லயத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

போனேன். பார்த்தேன். மயிலும் இல்லை, இறகும் இல்லை! பாறை இடுக்கில் செருகிய ஒரு குழாய். அதன் வாயிலிருந்து பூ கட்டும் நூல் அளவுக்குத் தண்ணீர். அதன் கீழே குடமும் கேனும் வரிசையாகக் காத்துக்கிடக்கின்றன. "அம்மா, நான் கேட்டது பீலி" என்றேன். "இதுதாங்க பீலி" என்றார்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! தலைவரே சிரிக்கிறார், பிறகென்ன? ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் குழாய்க்குத் தோட்டத்தில் பீலி என்று பெயர். பதுளையில் பிறந்த எனக்குத் தெரியாத சொல்லா? தெரியும். ஆனால் ஏடு தலைக்கேறினால் வீட்டுச்சொல் மறந்துபோகும். உங்கள் பீலி முருகன் மயிலிறகு முருகன் அல்ல, தண்ணீர்க்குழாய் முருகன்! பீலிக்கு மேலே உள்ள சோலையில் மயில் ஆடியது, அதனால் அந்தப் பெயர்.

என்ன அங்கே? "மயில் ஆடினத நான் படம் புடிச்சேன்" என்கிறாரா தம்பி? தெரியும் தம்பி, எனக்கும் வந்தது. மயில் ஆடி முடிப்பதற்குள் அந்த ஆட்டம் குவைத்துக்கும் கொழும்புக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. விஞ்ஞானத்தின் வேகம் அப்படி.

ஆனால் உறவுகளே, அந்தப் பீலியடியில் நான் இன்னொன்றையும் கேட்டேன். கல் வைப்பதற்காக நாளைக் காலையில் அந்தச் சோலையை வெட்டப் போகிறார்கள் என்று கேட்டேன். "மரத்த வெட்டுனா ஊத்து செத்துப் போகும் மொதலாளி. இருக்குற இந்த நூலும் அந்துச்சுன்னா நாங்க எங்க போவோம்? பள்ளத்துக்கு எறங்கித் தலையில தூக்கிட்டு ஏறணும்" என்றார் பூவம்மா. அவர் அழவில்லை. குடத்தை மட்டும் சற்று நகர்த்தி, அடுத்த வீட்டுக் குடத்துக்கு இடம் விட்டார்.

மகள் கம்சலாவும் அங்கே வந்தார். அவர் தன் தந்தையிடம் சொன்னதை எனக்கும் சொன்னார். "மயில் வெயில் காட்டுப் பறவைங்க. கீழ மொனராகலைப் பக்கம் இருந்தது. இப்ப இங்க சூடு கூடிருச்சு, காடும் அங்கங்க தொறந்து போச்சு. அதுக்குப் புடிச்ச மாதிரி நம்ம மலை மாறிருச்சு. அதான் ஏறி வந்துருக்கு. அப்பாகிட்டச் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு."

தலைவர் ஐயா, கோபிக்காதீர்கள். உங்கள் பக்கத்தையும் உங்கள் வாயாலேயே கேட்டவன் நான். "வருசா வருசம் கதிர்காமத்து முருகனப் பாக்க நடந்து போனவன் மொதலாளி நான். இந்த வருசம் கால் முடியல. வாசல்லயே உக்காந்து அழுதேன். அந்த வாரந்தான் மயில் வந்துச்சு. நான் போக முடியலன்னு சாமி ஏறி வந்துருக்கு. சூட்டுல வந்தா என்ன, சுகத்துல வந்தா என்ன? வந்தது சாமி" என்றீர்கள். அதைக் கேட்டு என் கண் கலங்கியது. அந்தக் கண்ணீருக்குப் பதில் சொல்ல எந்த விஞ்ஞானத்தாலும் முடியாது. நான் வேறு வாசலில் தொழுகிறவன். உங்கள் சாமியைப் பற்றிப் பேச எனக்கு வாயும் இல்லை, வயதும் இல்லை. சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஒரு சொல், இரண்டு பொருள். ஒரு பீலி மலையேறி வருகிறது, ஒரு பீலி மெலிந்து போகிறது. ஒன்றைக் கண்டு கைகூப்புகிறோம், மற்றதைக் கண்டு குடத்தைத் தூக்குகிறோம். இரண்டும் வெவ்வேறு செய்தியா? இல்லை உறவுகளே, இல்லை! எந்த வெப்பம் அந்த மயிலை அழைத்து வந்ததோ, அதே வெப்பம்தான் இந்த ஊற்றைக் குடிக்கிறது. அழகு ஒரு வாசலால் வருகிறது, ஆபத்தும் அதே வாசலால் வருகிறது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் கைபேசியில் மழை பார்க்கிறோம். தேயிலைக்கு மருந்து தெளிக்க ஆளில்லாமல் பறக்கும் இயந்திரப் பறவை வந்துவிட்டது. எல்லாமே ஏறி வருகிறது, எல்லாமே விரைந்து வருகிறது. வருவதெல்லாம் வரமா? வருவதெல்லாம் சாபமா? யார் சொல்வது? யாரைக் கேட்பது?

நான் பூவம்மா அம்மையாரைக் கேட்டேன். "தாயே, மயில் ஆடியபோது எல்லோரும் கும்பிட்டார்களாம். நீங்கள் கும்பிட்டீர்களா?"

"கும்பிடாம இருப்பேனா? பாத்ததும் மேலெல்லாம் சிலுத்துருச்சு. கண்ணு நெறைய பாத்தேன். சாமி, நீ வந்தது சந்தோசம், ஆனா வந்த வழியே திரும்பிப் போயிரு சாமி, எங்க மலை பழையபடி குளிரட்டும்னு கும்பிட்டேன்" என்றார்.

கேட்டீர்களா? தெய்வமே வா என்று கெஞ்சும் வேண்டுதல்கள் ஆயிரம் கேட்டிருக்கிறேன். தெய்வமே திரும்பிப் போ என்று அன்போடு கேட்ட வேண்டுதலை இன்றுதான் கேட்டேன். பக்தி இல்லாதவர் அப்படிக் கேட்க முடியுமா? உறவினரிடம் பேசுவதுபோல் உரிமையோடு சாமியிடம் பேசத் தெரிந்தவர்தான் கேட்க முடியும். நான் எழுதிவந்த தாள் முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் வெறும் தாளாகிவிட்டது.

பொய் சொல்ல மாட்டேன். இந்தச் சோலையைக் காத்தால் மயில் திரும்பிப் போகுமா? போகாது. பூமியின் சூடு தணியுமா? தணியாது. அது எங்கெங்கோ எரியும் அடுப்புகளின் சூடு. அதை அணைக்க இந்த லயத்தில் ஆள் இல்லை. ஆனால் இந்த ஊற்று நம் கைக்கு எட்டும். இந்த மரங்கள் நம் கத்திக்கு எட்டும். உலகத்தையே மாற்றும் மாற்றத்துக்கு நடுவிலே, நம் கையில் இருப்பது ஒரே ஒரு நாளைக் காலை! அந்தக் காலையில் கத்தியை எடுக்கிறோமா, கீழே வைக்கிறோமா? ஐயா, உங்கள் முருகன் குடிவர வேண்டும். உங்கள் வீட்டுக் குடமும் நிறைய வேண்டும். இரண்டுக்கும் வழி சொல்ல வேண்டியவர் நீங்கள். நான் கேட்டுவிட்டேன், இனி உங்கள் வாய்ச்சொல்.

பொறுங்கள், கைதட்டாதீர்கள். தலைவர் எழுந்து நிற்கிறார். இதோ ஒலிவாங்கி, ஐயா... வேண்டாம் என்கிறார். சரி, எனக்கு மட்டும் சொல்லுங்கள், நான் இவர்களுக்குச் சொல்கிறேன்.

உறவுகளே, தலைவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன். "எங்க அப்பன் இந்த மலைக்கு வந்தப்ப கோயிலும் இல்ல, கூரையும் இல்ல. ஒரு மரத்தடியில கல்ல வெச்சுத்தான் கும்பிட்டாரு. அந்தச் சாமி கொறஞ்சா போச்சு? நாளைக்குக் கல்லு வெக்கிறது வெக்கிறதுதான். மரத்தடியில வெப்போம். ஒரு கெளையக்கூட வெட்டப்படாது. மரந்தான் சாமிக்குக் கூரை."

இப்போது தட்டுங்கள்! பசறை வரைக்கும் கேட்கட்டும்! பூவம்மா அம்மையாரே, முந்தானையால் முகத்தை மறைக்காதீர்கள், இந்தக் கைதட்டலில் பாதி உங்களுக்கு.

கதிர்காமத்துக்குப் போக முடியாத ஒரு மனிதர், தன் வாசலுக்கு வந்த தெய்வத்துக்கு வீடு கட்ட ஆசைப்பட்டார். அந்த ஆசையை, அடுத்த வீட்டுக் குடத்துக்காக இந்த மேடையிலேயே விட்டுக்கொடுத்தார். காலம் எவ்வளவு வேகமாக மாறினாலும் மனிதன் அதைவிட ஒரு படி பெரியவனாக மாற முடியும் என்பதை நான் இன்று கண்ணால் கண்டேன். என்னை அழைத்த தோட்டத்து மக்களுக்கும், தவறான பீலியைப் பேச வந்தவனுக்குச் சரியான பீலியைக் காட்டிய தாய்க்கும், உண்மையைத் தந்தையிடமே சொன்ன மகளுக்கும், கேட்டு மனம் மாறிய தலைவருக்கும் என் நன்றி. உங்கள் ஊற்று கண் திறந்திருக்கட்டும். உங்கள் வீட்டுக் குடங்கள் ஒவ்வொன்றும் நிறையட்டும். போய் வருகிறேன், வணக்கம், ஸலாம்.