நல்ல தண்ணீர் வாளி

முத்தையாபுரத்தில் ஏறிய டவுன் பஸ்ஸில், எனக்குப் பின்சீட்டில் இரண்டு பேர். ஒரே வள்ளத்தில் சங்கு குளித்து ஓய்ந்த கூட்டாளிகள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"டெட்டாலும் ஊத்திப் பாத்துட்டேன் சூசை. எரிச்சல்தான் கூடுது."

"அங்கனயா ஊத்துன? அதென்ன கக்கூஸ் தரையாலே?"

"மெதுவாப் பேசு. பொறவு கடல்ல போயி நின்னேன். உப்புத்தண்ணி பட்டா புண்ணு ஆறும்லா?"

"அங்கன உப்பு தங்கக் கூடாதுன்னுதான வள்ளத்துல நல்ல தண்ணி வாளி வச்சிருந்தாவ. கரை வாரதுக்கு முன்ன வள்ளத்துக்கார சம்மாட்டி என்ன கத்துவாரு?"

மற்றவர் சிரித்துவிட்டார். "'மூஞ்சிய எவன் பாக்கப் போறான், தோலைத் தள்ளிக் கழுவுங்கலே'ம்பாரு. பாய் மறைவுல வரிசையா நிப்போம். எனக்குப் பின்னால நீ."

"சோப்பு கூட கெடையாது. வெறும் தண்ணி. ஈரம் போவத் துடைச்சா முடிஞ்சுது."

"அது ஒரு காலம் மக்கா."

பிறகு அவர் குரல் இறங்கியது.

"இப்பம் தோலே பின்னால போவ மாட்டேங்கு. வீங்கிக் கெடக்கு. ஒண்ணுக்குப் போனாலும் எரியுது."

"அப்பம் இது வாளித்தண்ணிக்கு அடங்காது. டாக்டர்ட்ட காட்டணும். சுகர் இருந்தாலும் இப்படி வருமாம், அதையும் பாப்பாவ."

"அவரு முன்னால அவுக்கணுமே."

"வள்ளமே பாத்ததுதான! இன்னும் ஒருத்தர் பாத்தா என்னலே?"

கண்டக்டர் ஆஸ்பத்திரி நிறுத்தத்தைச் சொன்னார். சீட்டு கிறீச்சிட்டது.

"நீ ஏன் எந்திக்க? ஒன் ஸ்டாப்பு வரலியே."

"வரிசையில ஒனக்குப் பின்னாலதான எப்பவும் நிப்பேன். நடலே."