ஷாங்காய் உடுப்பில் கால் அங்குலம்

ஷாங்காயில் பெண்கள் பட்டப்பகலில் பைஜாமாவோடு கடைக்குப் போவார்கள், தெரியுமா கல்யாணி? பூப்போட்ட பைஜாமா, கையில் மரக்கறிப் பை, காலில் குதி உயர்ந்த சப்பாத்து. படத்தில் பார்த்திருக்கிறேன். எனக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது. ஆகவே அம்மாவுக்குச் சீன உடுப்பைக் கண்ணிலும் காட்டக்கூடாது என்று என் மகன் உங்களிடம் சொல்லியிருந்தால் அதை நம்பவேண்டாம்.

ஆஸ்பத்திரி ஆலோசகராக நீங்கள் என்னிடம் கேட்டது வேறு. "அன்ரி, முப்பத்தொன்பது கிலோ இருக்கிற பிள்ளை தான் குண்டு எண்டு அடிச்சுச் சொல்லுறா. உங்கட வீட்டில ஆர் அவவுக்கு அப்பிடிச் சொன்னது?" என்று கேட்டீர்கள். கதைக்கக் கஷ்டமென்றால் எழுதித் தாருங்கள் என்றும் சொன்னீர்கள். எழுதுகிறேன். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

தாரகா என் மருமகள். என் மகன் கஜீவன் அவளைக் கல்யாணம் முடித்து கிளென் வேவர்லி வீட்டுக்குக் கூட்டிவந்தது 2009இல். வந்து இரண்டு வருடமாக எங்கள் இருவருக்கும் நடுவில் மொத்தம் மூன்று வசனங்கள்தான். "சாப்பிட்டிட்டீங்களா மாமி?" "ஓம் பிள்ளை." "போட்டு வாறன் மாமி." சண்டை இல்லை. சண்டை பிடிப்பதற்கும் கொஞ்சம் கதைக்க வேண்டுமே.

அவளுடைய அலுவலகத்தில் லின் என்று ஒரு சீனப் பெண் வேலை செய்தாள். 2011இல் அவள் ஷாங்காய்க்குத் திரும்பிப் போனாள். போனவள் சும்மா இருக்கவில்லை. தெருவில் எந்தப் பெட்டை என்ன உடுத்துக்கொண்டு போகிறாள் என்று படம் எடுத்துக் கிழமைக்குக் கிழமை தாரகாவுக்கு அனுப்பினாள். இவள் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டால் அந்த உடுப்பே பார்சலில் வந்து இறங்கும். இறுக்கமான கறுத்தக் காற்சட்டை, அதற்கு மேலே தொடையளவில் நிற்கிற இன்னொரு கட்டைக் களிசான். கரடிக் காது வைத்த தொப்பி. கண்ணாடியே இல்லாத மூக்குக்கண்ணாடி, வெறும் பிறேம் மட்டும்.

அந்தப் பிறேமோடு ஒரு பிறந்தநாள் விழாவுக்கு வந்தாள். என்னிடம் சட்டை தைப்பிக்கிற நாகலட்சுமி அவளை உற்றுப் பார்த்துவிட்டுக் குனிந்து கதிரைக்குக் கீழே தேடத் தொடங்கினார்.

"என்ன அன்ரி தேடுறீங்கள்?"

"கண்ணாடி ரெண்டும் கழண்டு விழுந்திட்டுது பிள்ளை. அசையாதையும், மிதிச்சுப் போடுவீர்."

"விழேல்லை அன்ரி. இது இப்பிடித்தான் வாறது. ஷாங்காயில இப்ப எல்லாரும் போடுறவை."

"அப்ப அங்க ஒருத்தருக்கும் கண்ணில பிழை இல்லையாக்கும்."

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அதற்குப் பிறகு சோடி ரீசேர்ட் வந்தது. அங்கே புருஷனும் பெண்சாதியும் ஒரே மாதிரி உடுத்துக்கொண்டு தெருவில் திரிவார்களாம். தாரகாவின் ரீசேர்ட்டில் ஒரு முயல். என் மகனுடையதில் ஒரு கரட். முப்பத்திரண்டு வயது எஞ்சினியர், கோயில் மண்டபத்தில் நெஞ்சில் கரட்டோடு நின்று சோறு பரிமாறினான்.

நாகலட்சுமி என் காதுக்குள் சொன்னார்: "இரஞ்சிதம், முயல் கரட்டை முழுசாத் திண்டு முடிக்கப்போகுது."

பகிடிதான். நானும் பகிடியாகத்தான் எடுத்தேன். ஆனால் அன்று பின்னேரமே தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டேன்.

என் மெசின் கராஜுக்குள் இருக்கிறது. எங்கள் பெண்களுக்குச் சாறிச் சட்டை தைக்கிறேன். பார்சலில் வரும் உடுப்பு எங்கேயாவது ஓரிடத்தில் நீளும், அல்லது கட்டையாக இருக்கும். ஆகவே எல்லாம் முதலில் என் கைக்குத்தான் வரும். இரண்டு பக்கத் தையலிலும் கால் கால் அங்குலம் உள்ளே பிடித்தால் சுற்றளவில் ஓர் அங்குலம் போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் நினைத்தது இவ்வளவுதான்: இரண்டு மூன்று உடுப்பு இறுகினால் "சீனச் சாமான் எனக்குச் சரிவராது" என்று சொல்லிவிட்டுச் சுரிதாருக்கு வந்துவிடுவாள். நாற்பது வருடமாகத் தைக்கிறேன். இறுகின சட்டைக்குத் தையற்காரியை ஏசாத பெண்ணை நான் கண்டதில்லை.

இவள் ஏசவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று இடுப்பைத் தடவிப் பார்த்தாள்.

"மாமி, நான் உடம்பு வச்சிட்டன் போல."

"கொஞ்சம் பிள்ளை. கல்யாணம் முடிச்சா அப்பிடித்தானே."

அடுத்த நாள் தொடக்கம் சோறு இல்லை. மத்தியானத்துக்கு ஓர் அப்பிள், அதிலும் பாதி.

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நிறுத்தத்தான் இருந்தேன். ஆனால் சனிக்கிழமைகள் தொடங்கிவிட்டன. ஒவ்வொரு சனியும் மத்தியானம் அவள் கராஜுக்குள் வந்து கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். "அளந்து பாருங்கோ மாமி" என்பாள். அளந்து முடிந்ததும் எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, லப்டொப்பைத் திறந்து, லின் அனுப்பிய படங்களைக் காட்டுவாள்.

"இவன் ஏன் பிள்ளை பெட்டையின்ர ஹாண்ட்பாக்கைக் காவிக்கொண்டு போறான்?"

"அங்க அதுதான் மாமி ஸ்டைல். பெடியன்தான் காவவேணும்."

"உன்ர மனுசனுக்குச் சொல்லிப்போடாதை. கரட்டுக்கு மேல அதையும் கொழுவிக்கொண்டு நிப்பான்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்த வயிறு போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தையற்காரிக்குத் தெரியாமல் போகாது. அவள் மெலிந்தபோது உடுப்புத் தளர்ந்தது, தளரத் தளர நான் பிடித்தேன். அவள் வேலைக்குப் போன நேரத்தில் அலமாரியில் இருந்த பழைய உடுப்புகளையும் எடுத்துப் பிடித்துவைத்தேன். இல்லாவிட்டால் ஒன்று இறுகும், ஒன்று தொங்கும், பிள்ளைக்குக் குழப்பமாக இருக்கும். அளவு நாடாவின் முனையில் ஓர் அங்குலத்தை வெட்டி, தகரத்தைத் திரும்பவும் பூட்டினேன். அதன்பிறகு அது எதை அளந்தாலும் ஓர் அங்குலம் கூட்டிச் சொன்னது.

கஜீவன் ஒருநாள் நிறை பார்க்கிற மெசின் வாங்கிவந்தான். தாரகா ஏறி நின்றாள். நாற்பத்தாறு என்று காட்டியது.

"மாமி, இது குறைச்சல்லோ காட்டுது?"

"மலிவுச் சாமான் பிள்ளை. உடுப்புப் பொய் சொல்லாது."

நம்பினாள். அப்படி என்னை நம்பிய ஒருத்தியை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

நான் சாப்பாடு கொடுக்கவில்லை என்று ஒருவரும் சொல்லமுடியாது. ஒவ்வொரு நாளும் கோப்பையில் சோறும் கறியும் போட்டு மேசையில் வைத்தேன். சாப்பிடாதது அவள். "அம்மா, நீங்களாவது சொல்லுங்கோ. இப்ப அவ உங்கட சொல்லைத்தான் கேக்கிறா" என்று கஜீவன் குசினிக்குள் வந்து கண் கலங்கிச் சொன்னான். அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது, அதை நான் ஏன் மறைக்கவேண்டும்?

போன மாதம் வேலைக்குப் போகும்போது கிளென் வேவர்லி ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்க, இவள் மேடையில் விழுந்தாள். அன்று போட்டிருந்தது கட்டைக் களிசானும், கண்ணைக் குத்துகிற பச்சை நிறச் சப்பாத்தும். களிசானின் பக்கத் தையலில் மட்டும் நான்கு மடிப்பு இருந்தது. ஆஸ்பத்திரியில் அதைக் கழற்றிய நேர்சுக்கு அது தெரிந்திருக்காது.

இதயம் களைத்துவிட்டது, இனியும் நிறை குறைந்தால் நின்றுவிடும் என்று டொக்டர் கஜீவனுக்குச் சொன்னார். கஜீவன் அழுதுகொண்டே எனக்குத் தமிழில் சொன்னான். எனக்கு இங்கிலீஷிலேயே விளங்கிவிட்டது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், நான். அவள் குண்டு என்று சொன்னது நான்தான். வாயால் சொன்னது குறைவு, பெரும்பாலும் தைத்துத்தான் சொன்னேன்.

இன்னும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நேற்றும் சனிக்கிழமை. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கஜீவன் வெளியே தேத்தண்ணி வாங்கப் போயிருந்தான். மேசையில் சூப் ஆறிக்கொண்டிருந்தது. தாரகா என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள், முடியவில்லை.

"நாடா கொண்டுவந்தனீங்களா மாமி?"

கொண்டுபோயிருந்தேன். கைகளைத் தூக்க அவளுக்குப் பலம் இல்லை. ஒரு கையை நானே தூக்கிப் பிடித்துக்கொண்டு, போர்வைக்குள் மற்றக் கையை விட்டு இடுப்பை அளந்தேன். நாடா இருபது என்றது. அதில் எவ்வளவு கழிக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

"குறைஞ்சிட்டுதா மாமி?"

டொக்டர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. "ஓம், போதும்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தச் சூப்பைக் குடித்திருப்பாள். குடித்து, தேறி, வீட்டுக்கு வந்து, வேலைக்குப் போயிருப்பாள். அதன்பிறகு அளப்பதற்கு என்ன இருக்கிறது?

"இன்னும் அரை அங்குலம் இருக்கு பிள்ளை."

அவள் சூப்பைத் தள்ளி வைத்தாள். பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த சனியும் வருவீங்கள்தானே மாமி?"

பார்த்தீர்களா கல்யாணி, என்னில் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று.