கப்பலின் அடித்தட்டில் பெயர் கூப்பிட்டவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய போதகர் வான் டோர்ன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் நினைவுக் குழுவின் தலைவர் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கெசியா அம்மையார் அவர்களே, அந்தச் சிறைக்கப்பலிலிருந்து உயிரோடு இறங்கி இன்று இந்த ஆலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் தோழர்களே, இந்த விரிகுடாக் கரையின் பெருமக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் லெமுவேல் பிர்ச். நான் வர்ஜீனியாக்காரன். இன்று நாம் நினைவுகூரும் கேப்டன் ஜபெஸ் ஹாலட் வடக்கே மாசசூசெட்ஸில் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தவர். விடுதலைப் போர் வராமல் இருந்திருந்தால் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டோம். பார்த்திருந்தாலும் பிடித்திருக்காது.

இந்த நாடு எங்கே பிறந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சுதந்திரப் பிரகடனம் எழுதிய மண்டபத்தில் பிறந்தது என்கிறோம், போர்க்களத்தில் பிறந்தது என்கிறோம். நான் மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த பிறப்பு வேறு. அதோ, இந்த ஆலயத்தின் சன்னலிலிருந்து தெரியும் அந்தச் சேற்று நீரில், பாய்மரங்களைப் பிடுங்கிவிட்டுச் சிறையாக நிறுத்தியிருந்த ஒரு பழைய போர்க்கப்பலின் அடித்தட்டில் அது பிறந்தது. பிறந்தபோது அங்கே வெளிச்சம் இல்லை.

கடலில் பிடிபட்ட எங்களை இங்கிலாந்து மன்னரின் படை அதற்குள் இறக்கியது. காலையில் மேல்தளத்து மூடியைத் திறந்ததும் காவலன் குனிந்து கத்துவான். "கலகக்காரப் பயலுகளா, செத்தவனை மேல அனுப்புங்கடா!" எங்களுக்கு அதுதான் பொழுது விடிந்ததன் அடையாளம். மேலே தூக்கிக் கொடுப்போம். சிலரைப் படகில் கூட்டிப் போய்க் கரை மணலில் குழி தோண்டச் சொல்வார்கள்.

அப்போதாவது நாங்கள் ஒற்றுமையாக இருந்தோமா? இல்லை ஐயா. மன்னரை எதிர்த்துப் பதின்மூன்று காலனிகள் கிளம்பின. கப்பலுக்குள்ளும் பதின்மூன்று மூலைகள் இருந்தன. காற்று வரும் ஓட்டைக்குப் பக்கத்தில் யார் படுப்பது என்று அடிதடி. "மீன் நாத்தம் பிடிச்சவனே, அந்தப் பக்கம் போடா" என்பார்கள் எங்கள் ஆட்கள். "புகையிலைத் துரைக்கு மெத்தை வேணுமாம், போட்டுக் குடுங்கப்பா" என்று எங்கள் புகையிலைத் தோட்டங்களைக் குத்திக்காட்டி வடக்கத்தியான் பதில் சொல்வான். சாகும்போதும் தன் காலனிக்காரன் மடியில்தான் சாவேன் என்று தவழ்ந்து போனவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அங்கேதான் கேப்டன் ஹாலட் ஒரு விதி வைத்தார். குழி தோண்டக் கரைக்குப் போக எல்லோருக்கும் ஆசை. மண்ணை மிதிக்கலாம், புல் மணக்கும், வெயில் படும். அவர் சொன்னார்: "போறவன் போகலாம். ஆனா தன் காலனிக்காரனைப் புதைக்கப் போகக் கூடாது. வேத்துக் காலனிக்காரனைத்தான் புதைக்கணும்."

"ஏன் கேப்டன், செத்தவன் என் ஊர்க்காரன், நான் மண்ணு தள்ளக் கூடாதா?" என்று நானே சண்டைக்குப் போனேன்.

"உன் ஊர்க்காரனுக்கு நீ எப்படியும் அழுவே தம்பி. முன்னப்பின்ன தெரியாதவனுக்கு ஒரு தடவை அழுது பாரு. அப்புறம் சண்டை போட வா."

நான் முதலில் புதைத்தது ஏசா லின் என்ற ஜார்ஜியாக்காரரை. ஒடிசலான மனிதர், திக்கித் திக்கிப் பேசுவார். அவர் தலைப்பக்கம் கேப்டன் பிடித்துக்கொண்டார், கால்பக்கம் நான். மணலை என் கையால் மூடினேன். முகத்தின் மேல் போட மனம் வராமல் அதைக் கடைசியாக மூடினேன். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்? அவர் இறந்ததில் எனக்குச் சந்தேகமே இருக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பொழுது சாயும் நேரம் மூடியைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு பக்கத்தில் இருப்பவன் முகம்கூடத் தெரியாது. அந்த இருட்டில் கேப்டன் எல்லோர் பெயரையும் காலனியோடு சேர்த்துக் கூப்பிடுவார். இருப்பவன் குரல் கொடுப்பான். அன்று பழக்கதோஷத்தில் கூப்பிட்டுவிட்டார்.

"ஏசா லின், ஜார்ஜியா."

"இ... இருக்கேன் கேப்டன்."

அவையோரே, அந்தத் திக்கல் அப்படியே இருந்தது. அவர் வழக்கமாகப் படுத்த இடத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"எவன்டா அது? விளையாட ஒரு அளவு இல்லையா?" என்றார் யாரோ. கேப்டன் தடவித் தடவி அந்த மூலைக்குப் போனார். நானும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு போனேன். அங்கே ஆள் இல்லை. பலகை மட்டும் ஈரமாக இருந்தது. என் விரலில் ஒட்டியது மணல்.

கேப்டன் திரும்பி வந்தார். அவர் குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. "கூப்பிட்டோம், பதில் சொன்னாரு. அடுத்த பேரு."

அதற்குப் பிறகு புதைத்தவர்களின் பெயர்களையும் அவர் விடவில்லை. சில பெயர்களுக்கு மௌனம். சில பெயர்களுக்கு மௌனம் இல்லை. யாரும் அதைப் பற்றிப் பகலில் பேசியதில்லை. ஆனால் மூலைகள் கலைந்துவிட்டன. எல்லோரும் நடுவில் நெருங்கிப் படுத்தோம். வர்ஜீனியாக்காரன் முதுகில் கனெக்டிகட்காரன் சாய்ந்து தூங்கினான். பயத்தில் சேர்ந்தோமா, பாசத்தில் சேர்ந்தோமா? எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் மன்னரின் அதிகாரி ஒருவர் ஏணியில் பாதி இறங்கி, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நின்றார். மன்னரின் கடற்படையில் சேருகிறேன் என்று சொல்பவனுக்கு இப்போதே விடுதலை, புது ரொட்டி, நல்ல காற்று என்றார். பொய் சொல்லவில்லை. ரொட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அந்த வாசனையில் எங்களில் சிலர் எழுந்தே விட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பசி அப்படி.

கேப்டன் சொன்னார்: "ஐயா, ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கேக்குறேன். வர்றவன் வரட்டும், நான் தடுக்கல." பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். "வரல" என்றான் முதல் ஆள். "வரல" என்றான் அடுத்தவன். எழுந்து நின்றவர்களும் மற்றவர் வாயைப் பார்த்துக்கொண்டே "வரல" என்று சொல்லி உட்கார்ந்தார்கள். உயிரோடு இருந்தவர்கள் எல்லோரும் சொல்லி முடித்தோம். கேப்டனும் நிறுத்திவிட்டார்.

குரல் நிற்கவில்லை. வெளிச்சம் எட்டாத பக்கத்திலிருந்து ஒன்று, அதற்கும் பின்னாலிருந்து ஒன்று. பலகைக்கு வெளியே, தண்ணீர் இருக்கும் பக்கத்திலிருந்து ஒன்று. "வரல." "வரல." "வ... வரல."

அதிகாரியின் கைக்குட்டை இறங்கியது. "கீழே எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்றார்.

"எனக்கெப்படிங்க தெரியும்? தினம் காலையில நீங்கதானே எண்ணி எடுக்குறீங்க" என்றார் கேப்டன்.

அதிகாரி ரொட்டிக் கூடையை ஏணியிலேயே விட்டுவிட்டு ஏறிப் போனார். அதற்குப் பிறகு அந்தக் கப்பலில் யாரும் எங்களைக் கடற்படைக்கு அழைக்கவில்லை.

போர் முடிந்தது. காலனிகள் நாடாயின. எங்களைக் கரையில் இறக்கினார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன், எல்லோரும் ஓடினோம். கேப்டனும் ஓடினார். ஆனால் அவர் திரும்பி வந்தார். அலை அந்த மணலை அரித்து எலும்புகளை வெளியே தள்ளுகிறது என்று கேள்விப்பட்டதும், மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்து இந்தக் கரையிலேயே குடியேறினார். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் கூடையோடு போய்ப் பொறுக்கினார். வைக்க இடம் இல்லை. தன் வீட்டிலேயே வைத்தார். நான் போனபோது சமையலறைச் சுவரின் மேல்தட்டு முழுக்க எலும்புகளால் வெள்ளையாக இருந்தது. கெசியா அம்மையார் கீழே மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"ஆரம்பத்துல இருந்துச்சு. இப்ப புயல் அடிச்சு இவரு வெறுங்கூடையோட வந்தாத்தான் பயமா இருக்கு" என்றார்.

மாநகரத்திலிருந்து ஒரு கனவான் வந்தாராம். தங்கள் சங்கம் நியூயார்க் வீரர்களுக்கு நினைவிடம் கட்டப் போகிறது, அதனால் நியூயார்க் எலும்புகளை மட்டும் தர முடியுமா என்று கேட்டாராம். கேப்டன் அந்த மேல்தட்டைக் காட்டி, "நீங்களே பாத்து எடுத்துக்கங்க" என்றாராம். கனவான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

நான் அவரிடம் தனியாகக் கேட்டேன். "கேப்டன், இப்பவும் பேர் கூப்பிடுறீங்களா? பதில் வருதா?"

"தினமும் கூப்பிடுறேன். விடுதலை ஆன நாள்லேருந்து ஒரு குரல்கூட வரல லெமுவேல். அன்னைக்குக் குரல் வந்தப்போ நான் பயப்படல. இந்த அமைதிதான் என்னைத் தூங்க விட மாட்டேங்குது."

அந்தக் கப்பல் கெடுத்த நுரையீரல்தான் போன மாதம் அவரைக் கொண்டுபோனது. சாவதற்கு முன் கெசியா அம்மையாரிடம் அவர் பேசியது ஒன்றுதான். "துக்கத்துக்கு ஆளுங்க வருவாங்க. மேல்தட்டுல இருக்கிறவங்களை மூடி வைக்காதே. பாக்கட்டும்."

அன்பர்களே, பார்த்தோம். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாமா? அந்தக் கரை கப்பல் கட்டும் தளத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. நாங்கள் புதைத்த மணல் மேட்டை வெட்டப் போகிறார்கள். குழுத் தலைவர் பேசும்போது மாநிலத்துக்கு ஒன்றாகப் பதின்மூன்று பெட்டிகள் செய்யலாம் என்றார். நல்ல எண்ணம், நான் வணங்குகிறேன். ஆனால் தலைவர் அவர்களே, எந்தப் பெட்டியில் யாரை வைப்பீர்கள்? ஒரே கல்லறை போதும் ஐயா. அதற்கு இந்த ஆலயத்தின் முற்றத்தில் இடம் தருவதாகப் போதகர் சற்று முன் என் காதில் சொன்னார். அவருக்கு நம் எல்லோர் சார்பிலும் நன்றி.

நாளை காலை கடல் நீர் வற்றும்போது நான் மணல் மேட்டில் இருப்பேன். கப்பலில் இருந்த தோழர்களும் வருகிறார்கள். கூடை இல்லாதவர்கள் போர்வை கொண்டுவாருங்கள். வேலை முடிய இந்தக் கோடை முழுக்க ஆகலாம். வர்ஜீனியாவுக்குப் போக வாசலில் நின்ற என் வண்டியை இங்கே வரும்போதே திருப்பி அனுப்பிவிட்டேன்.