‘தொந்தரவு இல்லை’ என்றொரு பிழை

தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே! மறதி நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும், பொறுமையில் பெரியவர்களே! மாத்திரை நேரத்தைத் தவறவிடாமல், தம் சாப்பாட்டு நேரத்தைத் தவறவிட்ட தாய்மார்களே! ‘சீக்கிரம் முடி’ என்று கடைசி வரிசையிலிருந்து கைகாட்டும் என் அன்பு அம்மாவே! வணக்கம்.

எங்கள் வீட்டில் இருவருக்கு மறதி நோய். பெரியப்பாவுக்கும், அவர் தங்கையான என் அத்தைக்கும். ஒரே நோய், ஒரே மருத்துவர். ஆனால் ஒரே மாதிரியா? அங்கேதான் வழுக்கினோம்!

பெரியப்பா லாரி ஓட்டியவர். நோய் வந்ததும் நாக்கே ஹாரன் ஆனது. காலில் செருப்போடு நின்று, “என் செருப்பைத் திருடினவன் எவன்டா?” என்பார். கதவை உதைப்பார். (சிரிக்காதீர்கள் ஐயா, உங்கள் வீட்டுக் கதவையும் நான் பார்த்திருக்கிறேன்!)

அத்தை அச்சகத்தில் முப்பது ஆண்டுகள் பிழை திருத்தியவர். நோய் வந்ததும் சன்னலோரம் அமர்ந்தார். அமர்ந்தார், அமர்ந்தார், அமர்ந்துகொண்டே இருந்தார்.

மருத்துவரிடம் காட்ட அம்மா தினமும் நோட்டு எழுதுவார். பெரியப்பாவுக்குப் பக்கம் பக்கமாக. அத்தைக்கு இரண்டே சொல்: ‘தொந்தரவு இல்லை.’ கத்தலுக்குக் கவனிப்பு; மௌனத்துக்கு? அதை அடக்கம் என்றோம்! அடக்கம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டே, நினைத்தோமா?

அத்தையைச் சீண்டுவது என் முழுநேரத் தொழில். சமையலறைப் பலகையில் வேண்டுமென்றே பிழையாக எழுதுவேன். திருத்திவிட்டு என் காதைத் திருகுவார். அன்று, ‘ஆறு மணிக்குப் பெரியப்பாவுக்கு விருந்து’ என்று எழுதினேன். மருந்து விருந்தாகிவிட்டது! காதை நீட்டிக்கொண்டு நின்றேன். அத்தை நகரவில்லை.

“பார்க்கலையா அத்தை?”

“பார்த்தேன்டி வாலு. திருத்தி என்ன ஆகப்போகுது? நான் இருந்துதான் என்ன ஆகப்போகுது?”

அவையோரே! பிழை அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் துயரம்தான் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை!

அதை அப்படியே நோட்டில் எழுதினேன். மருத்துவர் அம்மா படித்தார். நிமிர்ந்தார்.

“இது வெறும் மறதி இல்லைம்மா, மனச்சோர்வு. நிறைய ஆம்பளைங்களுக்கு இந்த நோய் கோபமா வெளியே வரும். நிறைய பொம்பளைங்களுக்குச் சோகமா, பயமா உள்ளே போகும். எல்லாருக்கும் அப்படித்தான்னு இல்லை. ஆனா கத்தாதவங்களையும் கேக்கணும்.”

கேட்டோம். கேட்காமல் விட்ட நாட்களுக்கும் சேர்த்துக் கேட்டோம். மருந்து வந்தது, மாலை நடை வந்தது, மெல்ல மெல்ல அத்தையே வந்தார்! மறதி போகவில்லை. சில நாள் என் பெயரே போய்விடும். போகட்டும், ‘வாலு’ இருக்கிறதே! சென்ற வாரம் நோட்டில் அம்மா எழுதினார்: ‘அத்தை இன்று சண்டை போட்டார்.’ வீடே கைதட்டியது!

‘தொந்தரவு இல்லை’ என்று எழுதப்போகும் கைகளே, ஒரு நொடி நில்லுங்கள். யாருக்குத் தொந்தரவு இல்லை? உங்களுக்கா? அவருக்கா?

நிறைவாக ஒன்று. இன்றைய அழைப்பிதழில் ‘சிறப்புப் பேச்சாளர்’ என்பதற்குப் பதிலாக என்னைச் ‘சிரிப்புப் பேச்சாளர்’ ஆக்கிவிட்டார்கள். முன்வரிசையில் இருக்கும் என் அத்தை விடுவாரா? சிவப்புப் பேனாவை எடுத்தார். வட்டம் போட்டார். ஓரத்தில் எழுதினார்: ‘பிழையில்லை. இருக்கட்டும்.’

இருக்கட்டும், அத்தை! கேட்ட காதுகளுக்கு நன்றி. என் காதைத் திருகும் விரல்களுக்கு வணக்கம்!